நிற்கத் தெரிந்த கால்கள்

1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், பனிக்காலத்தின் கொடுமையால் வெளியே விளையாட வழியின்றி அடைபட்டுக் கிடந்த வாலிபர்களுக்காக, ஜேம்ஸ் நைஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் பதின்மூன்று விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டி, பீச் பழக்கூடைகள் இரண்டை மேல்மாடத்துக் கைப்பிடியில் அறைந்து, கூடைப்பந்து என்ற ஆட்டத்தை உலகுக்குத் தந்தார். பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடலாகாது என்பது அந்த விதிகளுக்கெல்லாம் உயிர்நிலை போன்றது. பந்தைச் சுமந்து ஓடுகிறவன் மேல்தான் மற்றவர்கள் பாய்வார்கள். பாய்ந்தால் பலகைத் தரையில் எலும்பு முறியும். ஆகவே ஓட்டத்தையே விலக்கிவிட்டால் காயத்துக்கு இடமில்லை என்பது அந்த ஆசிரியரின் தர்க்கம். வேகமாக ஓடிவரும்போது பந்தைப் பிடிக்கிறவன் நிற்பதற்கு முயல்வானேயானால் அவனுக்குச் சற்று இடம் கொடுக்கலாம் என்று ஒரு சலுகையையும் அவர் அங்கேயே எழுதிவைத்தார். உலகத்து ஆட்டங்களில் பெரும்பாலானவை ஓட்டத்தைக் கொண்டாடப் பிறந்திருக்க, நிற்கும் முயற்சியைச் சட்டத்திலேயே குறித்துக்கொண்டு பிறந்த ஆட்டம் இது.

பிற்காலத்தில் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே முன்னேறுவது அனுமதிக்கப்பட்டு, ஆட்டம் வேகம் பெற்று, ஆறரை அடி மனிதர்கள் அந்தரத்தில் சஞ்சரிக்கும் அற்புதமாக வளர்ந்துவிட்டதென்றாலும், தட்டுவதை நிறுத்திப் பந்தைக் கையில் எடுத்த கணம் முதல் கால் கட்டுப்பட்டது என்ற ஆதி நியதி இன்றளவும் மாறவில்லை. ஓட்டத்தின் வேகம் முழுவதையும் ஒரே கணத்தில் பாதங்களில் வாங்கி, முழங்காலில் அடக்கி, அதையே மேல்நோக்கித் திருப்பி உடலை எழுப்பி, எழுந்த உச்சியில் பந்தைக் கைவிடுகிற வித்தையை ஆட்டக்காரர்கள் ‘புல்-அப் ஜம்ப் ஷாட்’ என்கிறார்கள். நன்கு தேர்ந்த பாடகர் பிருகாக்களை உதிர்த்துக்கொண்டே வந்து, எதிர்பாராத ஒரு ஸ்வரத்தில் கார்வை கொடுத்து நிற்கும்போது, அவர் கடந்து வந்த துரிதமெல்லாம் அந்த நிறுத்தத்தில்தான் அர்த்தம் பெறுகிறது என்பதைச் சபையின் தலையசைப்பு சொல்லும். இந்த ஆட்டத்திலும் ரசிகனுடைய தலை அசையவேண்டிய இடம் அதுதான்.

இந்தக் கலையில் நம் காலத்தில் முதன்மையாக எண்ணத்தக்கவர்களுள் ஒருவர், கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்காக 2020ஆம் ஆண்டு முதல் 2025ஆம் ஆண்டுவரை ஆடிய பேஜ் பெக்கர்ஸ் என்ற பெண்மணி. மின்னசோட்டா மாநிலத்தில் பிறந்து, ஹாப்கின்ஸ் பள்ளிக்கூடத்தில் ஆடும்போதே தேசம் முழுதும் பெயர் பெற்று, ஸ்டோர்ஸ் என்னும் சிற்றூரிலுள்ள அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தவர். நைஸ்மித் கூடைகளை அறைந்த ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து ஸ்டோர்ஸ் ஒரு மணி நேரத்துக்குள் காரில் போய்விடக்கூடிய தொலைவுதான். பெண்கள் கூடைப்பந்தும் அந்தப் பிராந்தியத்திலேயே பிறந்தது. ஸ்மித் கல்லூரியின் ஆசிரியை செண்டா பெரென்சன், பெண்களின் உடம்புக்கு அதிக ஓட்டம் ஆகாது என்று அக்காலத்தார் கருதியதற்கு இணங்க, ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொருத்தியும் தன் பகுதியைத் தாண்டலாகாது என்று விதி செய்தார். அந்தக் கட்டுகளெல்லாம் அறுந்து ஒரு தலைமுறைக்கு மேலான பிறகு வந்தவர் பேஜ் பெக்கர்ஸ். களம் முழுதும் ஓடும் சுதந்திரம் கையில் இருக்க, நிற்பதைத் தம் சிறப்பாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டவர்.

அவருடைய ஆட்டத்தைப் பார்க்க உட்காருகிறவர் முதலில் ஏமாந்துபோகக்கூடும். ஆறடி உயரம், ஒடிசலான ஆகிருதி, தளர்ந்து தொங்கும் தோள்கள், எதற்கும் அவசரப்படாத முகம். மின்னலாய்ப் பாய்கிறவர்களும் வானத்தில் தாவுகிறவர்களும் நிறைந்த களத்தில், அவர் யாரையும் வேகத்தினால் வென்றதாகத் தோன்றாது. ஆனால் நடுக்கோட்டைத் தாண்டி அவர் பந்தைத் தட்டிக்கொண்டு வலப்பக்கமாக இறங்கும்போது, எதிரே காப்பவருடைய கால்களைக் கவனியுங்கள். இவர் தோளைச் சற்றே உயர்த்திப் பார்வையைக் கூடைமீது ஏற்றுகிறார். எறியப்போகிறார் என்று நம்பிக் காப்பவர் நிமிர்கிறார். அந்த நிமிர்விலேயே இவர் இன்னும் ஓரடி நுழைந்துவிடுகிறார். பதறிய காப்பவர் பின்னோக்கி விழுந்தடித்து ஓட, ‘எல்போ’ என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் ஃப்ரீ த்ரோ கோட்டின் மூலைக்கருகே இவர் இடக்கால், வலக்கால் என்று இரண்டும் பதியத் திடுமென்று நின்றுவிடுகிறார். காப்பவரின் உடம்பு இன்னமும் போய்க்கொண்டிருக்கிறது. இருவருக்கும் நடுவே ஒரு கை நீளம் வெற்றிடம் பிறக்கிறது. அந்த வெற்றிடத்தில் அவர் நேராக எழுந்து, தலைக்கு மேலே உயர்ந்த கையிலிருந்து பந்தை விடுகிறார். வெற்றிடத்தை உண்டாக்குவதற்காக அவர் யாரையும் தள்ளவுமில்லை, தாண்டவுமில்லை. எதிரியின் ஓட்டத்தையே எதிரிக்குப் பகையாக்கி, தாம் மட்டும் நின்றார், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட எறிதலுக்கு இக்காலத்தில் மதிப்புக் குறைவு என்பதையும் சொல்லவேண்டும். இப்போது ஆட்டத்தை நடத்துவது கணக்கு. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து நூறு முறை எறிந்து முப்பத்தைந்து விழுந்தாலே 105 புள்ளிகள். கோட்டுக்கு உள்ளே இடைத்தூரத்திலிருந்து எறிந்து நாற்பது விழுந்தால் 80 புள்ளிகள்தான். ஆகவே கூடைக்கு அடியில் போய் லே-அப் போடு, அல்லது கோட்டுக்கு வெளியே நின்று எறி, நடுவே நிற்காதே என்று பயிற்சியாளர்கள் போதிக்கத் தொடங்கினார்கள். நடுத்தூரம் ஆள் நடமாட்டமில்லாத நிலமாயிற்று. பேஜ் பெக்கர்ஸ் அந்த நிலத்தில் குடியிருந்தார். கல்லூரிக் காலம் முழுவதிலும் அவர் எறிந்தவற்றில் பாதிக்கு மேல் கூடையில் விழுந்தன என்பதால் கணக்கரும் அவரை ஆட்சேபிக்க வழியில்லாமல் போயிற்று. கணக்கு கைவிட்ட ஓர் அழகைக் கணக்கினாலேயே காப்பாற்றிக் கொடுத்தார் என்பது ரசிகர்கள் அவருக்குப் பட்டிருக்கும் கடன்.

முதல் வருஷத்து மாணவியாக வந்த 2020-21 பருவத்திலேயே அவர் ஆட்டத்துக்குச் சராசரியாக 20 புள்ளிகள் எடுத்து, அந்த ஆண்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குரிய பெரும் விருதுகளைப் பெற்றார். முதலாண்டு மாணவி ஒருத்திக்கு அசோஸியேட்டட் பிரஸ் விருது கிடைத்தது அதுவே முதல் தடவை. 2021 பிப்ரவரி 8ஆம் தேதி, தரவரிசையில் முதலிடத்தில் இருந்த சவுத் கரோலினாவுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் எடுத்த 31 புள்ளிகளில், தம் அணியின் கடைசி 13 புள்ளிகளும், கூடுதல் நேரத்தின் ஒன்பது புள்ளிகள் முழுவதும் அடக்கம். முடிவில் அவர் எறிந்த மூன்று புள்ளிப் பந்து வளையத்தில் மோதி, உயரத் துள்ளி, யோசித்து யோசித்துக் கூடைக்குள் இறங்கிற்று. அந்த இரவின் பேஜ் பெக்கர்ஸிடம் இருந்தது யௌவனத்தின் உல்லாசம். எதைச் செய்தாலும் அது ஆகும் என்ற அலட்சியமான நம்பிக்கை. அது மனத்தைக் கொள்ளை கொள்வதுதான். ஆனால் பரிபக்குவம் என்பது வேறு வஸ்து.

முதல் பருவம் முடிந்ததுமே வலது கணுக்காலில் சஸ்திர சிகிச்சை நடந்தது. அது முன்னுரைதான். 2021 டிசம்பர் 5ஆம் தேதி நோட்டர் டேம் அணியுடன் நடந்த ஆட்டத்தில், வெற்றி நிச்சயமாகி, ஒரு நிமிஷத்துக்கும் குறைவாகவே பாக்கியிருந்த சமயத்தில், யாரும் மோதாமலே, பந்தைத் தட்டிக்கொண்டு வந்தவர் இடது முழங்கால் மடங்கி விழுந்தார். முன்கால் எலும்பின் மேல்தட்டில் முறிவு. மூட்டுக்குள் இருக்கும் ஜவ்வில் கிழிசல். பத்தொன்பது ஆட்டங்கள் போயின. பிப்ரவரி இறுதியில் திரும்பி வந்து, 2022 மார்ச் 28ஆம் தேதி பிரிட்ஜ்போர்ட் நகரில் நார்த் கரோலினா ஸ்டேட் அணியை இரண்டு கூடுதல் நேரங்கள் வரை இழுத்துச் சென்று 91-87 என்று வென்ற ஆட்டத்தில் 27 புள்ளிகள் எடுத்தார். முழுக்கக் குணமாகாத காலை வைத்துக்கொண்டு ஆடிய அந்த ஆட்டத்தை வீரம் என்று கொண்டாடினார்கள். வீரம்தான். ஆயினும் நான்கு மாதத்துக்குள் முன் முறிந்த முழங்காலை ஐம்பது நிமிஷ ஆட்டமொன்றில் ஆட வைத்த அந்த வெற்றியை, அதன் அழகோடு கூடவே ஒரு சஞ்சலமும் இல்லாமல் என்னால் ரசிக்க முடியவில்லை. அந்தத் தேசியத் தொடரின் இறுதி ஆட்டத்தில் சவுத் கரோலினா 64-49 என்று வென்றுவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு முதல் தேதி, பயிற்சி ஆட்டமொன்றில், அதே இடது முழங்காலில் ‘ஏசிஎல்’ என்று உலகம் முழுவதும் விளையாட்டுக்காரர்கள் அச்சத்தோடு உச்சரிக்கும் நாண் அறுந்துபோயிற்று.

அந்த நாணின் தொழில் என்னவென்று அறிந்தால்தான் நேர்ந்த நஷ்டத்தின் தன்மை விளங்கும். தொடையெலும்பையும் முன்கால் எலும்பையும் மூட்டுக்கு நடுவே குறுக்காகக் கட்டி வைத்திருப்பது அது. நேர்க்கோட்டில் நடப்பதற்கு அது அவ்வளவாக வேண்டியதில்லை; அது அறுந்தும் பல ஆண்டுகள் சாதாரண ஜீவிதம் நடத்துகிறவர்கள் உண்டு. ஓடிவந்த உடம்பு திடீரென்று நிற்கும்போது, தாவி இறங்கும்போது, சட்டென்று திசை மாறும்போது, கீழெலும்பு முன்னே வழுக்கிப் போய்விடாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்து நிறுத்துவதே அதன் வேலை. வேகத்தைப் பிறப்பிக்கிற தசைகள் எத்தனையோ. வேகத்தை அடக்கும் இடத்தில் காவலிருப்பது இந்தச் சிறிய நாண். பெண் ஆட்டக்காரர்களுக்கு இது அறுந்துபோவது ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். இடுப்பெலும்பின் அமைப்பா, தசைகளின் பழக்கமா, சிறு வயதிலிருந்து கிடைக்கும் பயிற்சியின் குறையா என்பதில் இன்னும் விவாதம் ஓயவில்லை. அறுந்தது பெரும்பாலும் தானாகக் கூடாது. முழங்கால் சிப்பியின் கீழிருந்தோ பின்தொடையிலிருந்தோ ஓர் இழையை எடுத்து அந்த இடத்தில் பூட்டுகிறார்கள். பூட்டிய இழைக்குள் புதிதாக ரத்த நாளங்கள் வளர்ந்து, அது தன் பழைய சுபாவத்தை மறந்து மூட்டு நாணின் சுபாவத்தைக் கற்றுக்கொள்வதற்கு மாதக்கணக்காகிறது. அதன் பிறகு மனசு கற்றுக்கொள்ளவேண்டியதும் ஒன்று இருக்கிறது: ஒருமுறை துரோகம் செய்த கால்மீது மறுபடியும் முழுப் பாரத்தையும் எறிந்து நிற்பது.

இப்போது அந்தக் கஷ்டத்தின் கூர்மை தெரியும். வேகத்தை நம்பி வாழ்ந்த ஆட்டக்காரருக்கு ஏசிஎல் அறுந்தால் அவர் வேகம் குறைந்தவராகத் திரும்பி வரலாம். உயரத் தாவுகிறவர் தாவல் குறைந்தவராகத் திரும்பலாம். மிச்சமிருக்கிற வித்தைகளைக் கொண்டு பிழைத்துக்கொள்ளலாம். பேஜ் பெக்கர்ஸின் வித்தை முழுவதும் நிற்பதில் இருந்தது. நிற்பதற்கென்றே இயற்கை அமைத்துக் கொடுத்த உறுப்பு அவருக்கு அறுந்தது. வீணை வாசிக்கிறவரின் விரல் போனது என்று யாராவது சொல்வார்களானால் அது அலங்காரப் பேச்சாகாது. ஆகவே அவர் மீண்டு வந்த கதையைத் துன்பத்தை வென்ற வைராக்கியம் என்ற பொதுவான புகழ்ச்சியில் கரைத்துவிடுவது ரசனைக்குக் குறைவு. அந்தப் புகழ்ச்சி எந்த நோயாளிக்கும் பொருந்தும். நாம் கேட்கவேண்டிய கேள்வி இது: திரும்பி வந்தபோது அந்த நிறுத்தம் திரும்பி வந்ததா?

2022-23 பருவம் முழுவதும் அவர் சாதாரண உடையில் அணியின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த அணியும் காயங்களால் சிதைந்து, கால் இறுதிக்கு முந்தின சுற்றில் ஒஹாயோ ஸ்டேட் அணியிடம் தோற்று, தொடர்ந்து பதினான்கு தேசியத் தொடர்களில் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்த பெருமையை இழந்தது. ஆடாத ஆண்டில் ஆட்டக்காரர் என்ன கற்கிறார் என்பது வெளியிலிருப்பவர்க்குத் தெரிகிற காரியமன்று. திரும்பி வந்தபின் தெரிகிற மாறுதல்களிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். தோள்களும் கைகளும் உரம் பெற்றிருந்தன. தோற்றத்தில் ஒடிசல் குறைந்திருந்தது. சக ஆட்டக்காரர்கள் அடுத்த கணம் எங்கே இருப்பார்கள் என்பதை அவர்களே அறியுமுன் அறிந்தவரைப் போலப் பந்தை அனுப்பும் பழக்கம் முன்பே அவரிடம் இருந்ததுதான். பெஞ்சிலிருந்து களம் முழுவதையும் ஒரு வருஷம் ஒரே பார்வையில் பார்த்த பிறகு, அந்தப் பழக்கம் நிச்சயமான ஞானமாகத் தேர்ந்திருந்தது.

2023 நவம்பர் 8ஆம் தேதி, நாண் அறுந்து பதினைந்து மாதங்களுக்குப் பின், அவர் மறுபடியும் களத்தில் இறங்கினார். விதி அவருக்கு வசதியான வழியைத் திறந்துவைக்கவில்லை. தோழி அஸி ஃபட் அதே மாதத்தில் ஏசிஎல் அறுந்து படுத்தார். அது அவருக்கும் இரண்டாவது முறை. ஒருவர் பின் ஒருவராக மேலும் பலர் விழ, மிஞ்சியவர்களைக் கொண்டு அணியை நடத்தவேண்டியிருந்த பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மா, பந்தைக் கொண்டுவரும் கார்டாகவே வளர்ந்த பேஜ் பெக்கர்ஸைக் கூடைக்கருகே உயரமானவர்களோடு மல்லுக்கு நிற்கும் ‘பவர் ஃபார்வர்டு’ இடத்தில் நிறுத்தினார். பழுதுபார்த்த முழங்காலை வைத்துக்கொண்டு, தம்மைவிடக் கனத்தவர்களை முதுகால் தாங்கி, குறி தப்பித் துள்ளும் பந்தாகிய ரீபவுண்டுக்காக முட்டிக்கொள்ளும் அந்த வேலையை அவர் பருவத்தின் பெரும்பகுதியில் செய்தார். செய்துகொண்டே ஆட்டத்துக்குச் சராசரி 22 புள்ளிகள் அளவில் எடுத்து, அந்த மிச்சசொச்ச அணியைக் கடைசி நான்குக்குக் கொண்டுபோனார். அங்கே அயோவா 71-69 என்று வென்றது. இறுதி விநாடிகளில் சக ஆட்டக்காரர் கொடுத்த தடுப்பு விதிமீறலென்று நடுவர் ஊதியதைப்பற்றி நாடு முழுவதும் வாதம் நடந்தபோது, ஒரே ஒரு நிகழ்ச்சியால் ஆட்டம் வெல்வதுமில்லை, தோற்பதுமில்லை என்ற பொருளில் பேசி, தோழியின் தலைமேல் விழவிருந்த பழியைத் தடுத்தார்.

அந்தப் பருவத்தில் அவருடைய நிறுத்தம் திரும்பி வந்துவிட்டதா என்றால், வந்துவிட்டது. ஆனால் வேறு குணத்தோடு வந்தது. முன்பு அவர் ஓட்டத்தின் உச்சியில் நின்றார். அந்தத் துணிச்சலே அழகாக இருந்தது. இப்போது நிற்பதற்கு இரண்டு மூன்று தட்டுகளுக்கு முன்பே நடையைத் தணிக்கத் தொடங்குகிறார். அது தெரியாதபடி தணிக்கிறார். காப்பவர் தாமும் அறியாமல் அந்த மந்த கதிக்கு இசைந்துவிடுகிறார். பிறகு இவர் ஒரு கணம் விரைந்து, மறுகணம் நிற்கிறார். வேகத்துக்கும் நிறுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் முன்பு போலவே இருக்கிறது. வேகத்தின் அளவு மட்டும் குறைந்திருக்கிறது. முழங்காலின் செலவு குறைந்து காரியம் அதே அளவில் நடக்கிறது. முன்பெல்லாம் பந்து கையைவிட்டுப் போனதும் அவர் உடம்பு சற்றே ஒருபக்கம் சாய்ந்து இறங்கும். இப்போது எழுந்த இடத்திலேயே இரண்டு காலும் சமமாக இறங்குகின்றன. சிகிச்சைக் கூடத்தில் ஆயிரம் தடவை கற்பித்திருக்கும் பாடம் அது என்பது பார்த்தாலே தெரியும். பாடம் என்று தெரியாத அளவுக்கு அது ஆட்டத்தில் கலந்துவிட்டிருப்பதே கலை.

புள்ளி விவரத்தை நம்பி ரசிக்கிறவர்களுக்கு இந்த மாறுதல் அகப்படாது. முதல் பருவத்தில் சராசரி 20.0, கடைசிப் பருவமாகிய 2024-25இல் சராசரி 19.9. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நடுவே ஒன்றும் நிகழவில்லை என்றே ஒருவன் தீர்மானித்துவிடலாம்.

அவரிடம் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்குப் பந்தை எறிவதைவிடக் கொடுப்பதில் பிரியம் அதிகம். ஆட்டத்தின் முதல் பாதியில், தாமே எறியவேண்டிய இடத்தில் நின்றுகொண்டு, நல்ல இடத்தைவிடச் சற்றே நல்ல இடத்தில் நிற்கும் தோழியைத் தேடுவார். சாதாரண எதிரிகளிடம் இது உதார குணம். சமபலமுள்ள எதிரிகளிடம் இது அணிக்கு நஷ்டம். இன்னும் சுயநலமாக ஆடு என்று பயிற்சியாளர் பகிரங்கமாகவே பலமுறை அவரை நெருக்கியிருக்கிறார். 1985ஆம் ஆண்டு முதல் அந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்து, அதுவரை பதினொரு சாம்பியன் பட்டங்கள் வாங்கிக் கொடுத்த மனிதர், தம் மாணவியரிடம் அடக்கத்தைப் போதிக்கவேண்டியிருந்த சந்தர்ப்பங்களே அதிகமிருந்திருக்கும். ஒருத்தியிடம் மட்டும் அடக்கத்தைக் குறைத்துக்கொள்ளும்படி மன்றாடினார். 2024ஆம் ஆண்டிலேயே தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கக்கூடியவர், காயமடைந்தவர்களுக்கும் பெருந்தொற்றுக் காலத்து மாணவர்களுக்கும் கிடைத்த கூடுதல் ஆண்டைப் பயன்படுத்திக்கொண்டு, ஐந்தாவது ஆண்டும் ஸ்டோர்ஸிலேயே தங்கினார். பட்டம் ஒன்றும் வாங்காமல் அந்தப் பல்கலைக்கழகத்தைவிட்டுப் போகக்கூடாது என்ற சங்கற்பம் அவரை அங்கே இருத்தியது.

2025 ஜனவரியில் இடது முழங்கால் மறுபடியும் சுளுக்கிக்கொண்டு சில ஆட்டங்களைப் பறித்துக்கொண்டபோது, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மூச்சு நின்றது. அவர் திரும்பி வந்தார். மார்ச் 24ஆம் தேதி, தேசியத் தொடரில், அணியின் சொந்த அரங்கமாகிய காம்பல் பெவிலியனில் ஆடிய கடைசி ஆட்டத்தில் 34 புள்ளிகள். அடுத்த ஆட்டம், ஸ்போக்கேன் நகரில் மார்ச் 29ஆம் தேதி ஓக்லஹோமாவுக்கு எதிராக. இதைத்தான் அவருடைய கலையின் சிகரம் என்று நான் கருதுகிறேன். முதல் பாதியில் வழக்கம்போல் அளந்து ஆடியவர், இரண்டாவது பாதியில் மட்டும் 29 புள்ளிகள் எடுத்து, மொத்தம் 40 புள்ளிகளில் நிறுத்தினார். கல்லூரியில் அவர் எடுத்த ஆகப் பெரிய எண்ணிக்கை அது. கடைசிப் பகுதியில் எல்போவிலிருந்தும், கோட்டுக்கு வெளியிலிருந்தும், கூடையின் பக்கவாட்டிலிருந்தும் அவர் எழுந்த ஒவ்வொரு எழுச்சியிலும் ஒரே நிதானம். காப்பவர் ஒருவர் மாறினார், இருவர் வந்தார்கள், கையை முகத்தின் முன்னே நீட்டினார்கள். அவர்களுடைய பதற்றம் ஏறஏற இவருடைய நிறுத்தம் இன்னும் தெளிவாயிற்று. நாற்பது புள்ளி எடுத்தவர்கள் பலர் உண்டு. நாற்பது புள்ளியை அவசரமே இல்லாமல் எடுத்தவர்களைத் தேடித்தான் பார்க்கவேண்டும்.

அதற்கடுத்த சுற்றில் சதர்ன் கலிஃபோர்னியா அணியை 31 புள்ளிகள் எடுத்து வென்றபோது, எதிரணியின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஜூஜூ வாட்கின்ஸ் களத்தில் இல்லை. சில நாட்களுக்கு முன்புதான் அவருக்கும் ஏசிஎல் அறுந்திருந்தது. ஓட்டத்தை விலக்கினால் காயம் வராது என்று நினைத்த நைஸ்மித்துக்கு இந்தத் தகவலை யார் சொல்வது?

ஏப்ரல் 6ஆம் தேதி, ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் இறுதி ஆட்டம். எதிரே மீண்டும் சவுத் கரோலினா. முந்தின ஆண்டின் சாம்பியன். கனெக்டிகட் 82-59 என்று வென்று, 2016ஆம் ஆண்டுக்குப் பின் முதன்முதலாகவும் மொத்தத்தில் பன்னிரண்டாவது முறையாகவும் பட்டத்தை எடுத்தது. கதை எழுதுகிறவர்கள் விரும்பும் முடிவாக இருந்திருந்தால் அன்றைக்கும் நாற்பது புள்ளி எடுத்துக் கதாநாயகி வெற்றிக்கொடி நாட்டியிருக்கவேண்டும். அன்று அவர் எடுத்தது 17. முழங்கால் இரண்டுமுறை பழுதுபட்ட அஸி ஃபட் 24 புள்ளிகள் எடுத்து, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் பெற்றார். முதலாண்டு மாணவி சாரா ஸ்ட்ராங் 24 புள்ளிகளோடு 15 ரீபவுண்டுகளும் எடுத்தார். எதிரணியின் காவல் முழுவதும் பேஜ் பெக்கர்ஸின் நிறுத்தத்தை எதிர்பார்த்து அவரைச் சுற்றி நின்றபோது, அவர் நிற்பது போலத் தோன்றச் செய்து, அந்தத் தோற்றத்தின் மறைவில் பந்தை மற்றவர்களிடம் அனுப்பிக்கொண்டிருந்தார். ஓக்லஹோமா ஆட்டத்தில் தம் கலையைக் காட்டினார் என்றால், டாம்பாவில் அதன் புகழை மட்டுமே செலவழித்துக் காரியத்தை முடித்தார். பயிற்சியாளர் குறையென்று கண்டித்த அதே உதார குணம் அன்றைக்கு அணிக்குப் பட்டமாயிற்று. ஆட்டம் முடிய ஒன்றரை நிமிஷம் இருக்கையில் அவரைக் களத்திலிருந்து அழைத்துக்கொண்டபோது, எழுபத்தொரு வயது ஆரியெம்மாவும் அவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

ஒரே ஒரு பட்டம் என்று அலட்சியமாகச் சொல்கிறவர்களும் உண்டு. அதே பல்கலைக்கழகத்தில் பிரேயானா ஸ்டூவர்ட் ஆடிய நான்கு ஆண்டுகளிலும் நான்கு பட்டங்கள் வாங்கினார். மாயா மூர் மூவாயிரம் புள்ளிகளைத் தாண்டினார். எண்ணிக்கை வரிசையில் பேஜ் பெக்கர்ஸ் அவர்களுக்குப் பின்னால்தான் நிற்கவேண்டும், அதில் வழக்கில்லை. ஆனால் ஒரு கலைஞரை அவருடைய ஒரு காலத்தை வைத்து அளப்பதா, இரண்டு காலங்களுக்கு நடுவே அவர் கடந்த தூரத்தை வைத்து அளப்பதா என்பது ரசிகர் முடிவு செய்யவேண்டிய விஷயம். ஸ்டூவர்ட்டும் மூரும் தாம் பெற்ற கொடையைக் கடைசிவரை செலவழித்தார்கள். அது மகத்தான காரியம். பேஜ் பெக்கர்ஸ் பெற்ற கொடையை இழந்து, அதைக் கைத்தொழில் போல அடியிலிருந்து கற்று, இரண்டாவது முறை தாமே தமக்குச் சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டார். முதல் நிறுத்தம் பிறவியில் வந்தது. இரண்டாவது நிறுத்தம் அப்பியாசத்தில் வந்தது. இரண்டில் எது உயர்ந்தது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் இரண்டாவதைச் சொல்வேன். ஏனெனில் முதலாவதைப் பார்த்து நாம் ஆச்சரியப்பட மட்டுமே முடியும், இரண்டாவதிலிருந்து கற்றுக்கொள்ளவும் முடியும்.

டாம்பா ஆட்டம் முடிந்து எட்டே நாட்களில் தொழில்முறைச் சங்கத்தின் தேர்வில் டாலஸ் விங்ஸ் அணி அவரை முதலாவதாக எடுத்துக்கொண்டது. முதல் பருவத்திலேயே ஓர் ஆட்டத்தில் 44 புள்ளிகள் எடுத்து, ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதையும் பெற்றார். அங்கே காவல் இன்னும் கடுமை. உடம்புகள் இன்னும் கனம். ஆட்டங்களுக்கு நடுவே ஓய்வு இன்னும் குறைவு. அந்த இடது முழங்கால் எத்தனை ஆண்டுகளுக்கு இந்தப் பாரத்தைச் சுமக்கும் என்று ஜோசியம் சொல்ல நான் விரும்பவில்லை. அவர் ஆடும்போது பார்க்க வாய்க்கிறவர்களுக்கு ஒரே ஒரு யோசனை சொல்லலாம். பந்தைப் பார்க்கவேண்டாம், கூடையைப் பார்க்கவேண்டாம், புள்ளிப் பலகையை நிச்சயமாகப் பார்க்கவேண்டாம். அவருடைய பாதங்கள் தரையில் பதிகிற கணத்தில் காப்பவருடைய பாதங்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பந்து கூடையில் விழுந்ததா இல்லையா என்பது அதன் பிறகு வரும் செய்திதான்.